நாற்காலியோடு வரும் அப்பா

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, முகப்பேரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியிலிருந்து தாட்சாயிணி என்பவர் ஒரு கட்டு முளைக்கீரையோடு இறங்கி வந்தார். என் வீட்டுச் சோபாவின் நுனியில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார்.

"சார், நீங்க ரைட்டர்னு சொன்னாங்க. ஒருத்தரோட அப்பாவ இன்னொருத்தருக்குக் குடுத்துட்டா, திரும்ப வாங்க முடியுமா?"

எழுத்தாளன் என்று ஒருவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் முறை. வழக்கமாக வருகிறவர்கள் மோட்டார் ஓடவில்லை என்று சொல்லத்தான் வருவார்கள். நான் இந்த அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். ஆறு வருடமாக அந்தப் பதவியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன், சிக்கவில்லை. அதனால் இந்தக் கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னார். கிளம்பும்போது கீரையைச் சோபாவின் மேலேயே வைத்துவிட்டு, "இத எழுதிட மாட்டீங்களே?" என்றார்.

"சேச்சே," என்றேன்.

அவர் இரண்டாம் மாடி ஏறுவதற்குள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டேன்.

2

எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாள் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "நாரை ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி திரு. பிரசன்னா சொந்தக் காரணங்களுக்காகப் பதவி விலகியதை அடுத்து, புதிய தலைமைச் செயல் அதிகாரியாகத் திருமதி பவ்யாவை இயக்குநர் குழு ஏகமனதாக"

விட்டுவிட்டேன். 'ஏகமனதாக' என்று வந்தாலே யாரோ யாரையோ தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது செய்தித்தாளின் வேலை.

(நாரை ஏர்லைன்ஸ் என்று ஒன்று கிடையாது. பெயர் நான் வைத்தது. கைபேசியை எடுத்துத் தேட வேண்டாம்.)

இரண்டாவது தொடக்கம்: "எல்லையற்ற நீலவானில் ஒற்றை நாரை தன் வெண்சிறகை"

இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன். தாட்சாயிணி வேலை பார்க்கிற இடத்திலிருந்து வானமே தெரியாது. அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில், முன்பு பம்ப்செட் செய்துகொண்டிருந்த கட்டடத்தில் இருக்கிறது. அவருடைய ஜன்னலுக்கு வெளியே லாரி எடைமேடை. நாரைக்குப் பதினோரு விமானங்கள் இருக்கின்றன. அவற்றைவிட அதிகமாகச் செங்கல் லாரிகளைப் பார்த்தவர் அவர்.

மூன்றாவது தொடக்கம். இது இருக்கட்டும்:

தாட்சாயிணி பதினாறு வருடமாக மற்றவர்கள் பெயரில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். நாரை விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் முன் இருக்கையின் முதுகுப் பையில் ஒரு மாத இதழ் செருகியிருக்கும். முதல் பக்கத்தில் தலைமைச் செயல் அதிகாரியின் புகைப்படம். அதற்குக் கீழே 'வணக்கம் பயணிகளே' என்று ஒரு கடிதம். அடியில் கையெழுத்து. புகைப்படம் மாறும், கையெழுத்தும் மாறும். நடுவில் இருப்பது எப்போதும் தாட்சாயிணி எழுதியது.

3

பிரசன்னாவுக்கு முன்னால் இருந்தவர் ஸ்ரீநாத். அவர் தலைவராக வந்த மூன்றாம் மாதம் அது. மூன்று தலைமுறையாக நூற்பாலை வைத்திருக்கும் குடும்பம். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே விமானத்தில் ஏறியவர். கடிதத்தில் கொஞ்சம் மனுஷ வாடை வேண்டும் என்று ஓர் ஆலோசகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஏதாவது ஒரு சின்ன வயசு ஞாபகம் போடுங்க தாட்சாயிணி," என்றார் ஸ்ரீநாத்.

"உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு சார்?"

அவர் நிஜமாகவே யோசித்தார். கண்ணை மூடிக்கூடப் பார்த்தார். "ஒரு தடவை எங்க வீட்ல ஏசி வேலை செய்யல," என்றார். "ரெண்டு நாள்."

இதழ் மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். அவசரத்துக்குத் தாட்சாயிணி தன்னுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டார். "பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை குடுக்குற மாதிரிதான் சார் இருந்துச்சு," என்றார் என்னிடம்.

கொடுத்தது இதுதான். காட்டுப்பாக்கத்தில் கீரை பயிரிட்ட குடும்பம் அவருடையது. அப்பா பெயர் வரதன். ஞாயிற்றுக்கிழமை கீரை விற்று முடிந்ததும் சைக்கிளின் பின்னால் இருக்கிற காலிக் கூடையில் மகளை உட்காரவைத்து, போரூரைத் தாண்டிக் கொளப்பாக்கம் பக்கம் விமான நிலையத்தின் கம்பி வேலி வரைக்கும் மிதித்துக்கொண்டு போவார். விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது, துண்டை இரண்டு கையாலும் தலையோடு பிடித்துக்கொண்டு வரதன் குனிந்துவிடுவார். மகள் குனியமாட்டாள். சக்கரங்களை எண்ணுவாள். விமானம் போன பிறகு வரதன் நிமிர்ந்து ஒன்று சொல்வார். ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொல்வார். அவர் சொன்னது:

[                                        ]

(அடைப்புக்குறி காலியாக இருப்பது அச்சுப்பிழை அல்ல. காரணம் பின்னால் வருகிறது.)

கடிதத்தில் மகள் மகன் ஆனாள். கீரைக்கூடை போய் 'எளிய மிதிவண்டி' வந்தது. துண்டும் குனிதலும் அப்படியே இருந்தன. வரதன் சொன்னதை எழுத மட்டும் தாட்சாயிணிக்குக் கை வரவில்லை. அதற்குப் பதில், "ஒரு நாள் நீயும் பறப்பாய் மகனே" என்று ஒரு வரியைப் போட்டார். உலகத்தில் எந்த அப்பாவும் இப்படிப் பேசியிருக்கமாட்டார். ஆனால் படித்தவர்கள் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

பயணிகள் அழுதார்கள். அழுததை எழுதி அனுப்பினார்கள். அலுவலக வரவேற்பறையில் நிஜமான கம்பி வேலித் துண்டு ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை 'வேலி நாள்' கொண்டாடினார்கள். ஆறாவது மாதம் ஒரு விழா மேடையில் இதைச் சொல்லும்போது ஸ்ரீநாத் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாராம். "நடிப்பு இல்ல சார்," என்றார் தாட்சாயிணி. "உண்மையாவே அழுதாரு. அவருக்கு அது நடந்துடுச்சு."

4

அந்த இதழைத் தாட்சாயிணி அப்பாவின் கண்ணில் காட்டவில்லை. ஆனால் வரதன் இப்போது தண்ணீர் கேன் போடுகிறார். கீரை விளைந்த நிலத்தில் அடுக்ககங்கள் எழுந்துவிட்டன, அந்த அடுக்ககங்களுக்கே கேன் போடுகிறார். வீட்டுக்குப் பின்னால் மிச்சமிருக்கிற இரண்டு சென்டில்தான் கீரை. கேன் வாங்குகிறவர்களில் ஷர்மிளா என்று ஒரு ஐ.டி. பெண். டெல்லிக்குப் போய் வந்தவள், "உங்க பொண்ணு கம்பெனிதானே அங்கிள்," என்று விமானத்திலிருந்து எடுத்து வந்த இதழை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே வரதன் கேன் ஏற்றும் குட்டியானை வண்டியை முகப்பேருக்கு விட்டார். கையில் இதழ். தாட்சாயிணி திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

"தாட்சா, உங்க மொதலாளியோட அப்பாவும் நம்மள மாதிரியே ஒரு ஆளும்மா," என்றார் வரதன். முகமெல்லாம் பல். "அவரும் துண்டப் புடிச்சிகினு குனிவாராம். நான் ஒர்த்தன்தான் பயந்தாங்கொள்ளின்னு இத்தினி நாளா நெனச்சிகினு கீறேன்."

"அப்பா, அது வந்து..."

"அவர நான் பாத்துக்கீறேன்மா. அந்தப் பக்கம் ராலே சைக்கிள்ல ஒர்த்தரு வருவாரு. ஒல்லியா, நெத்தில ஒரு வெட்டுத் தழும்பு. அவரேதான்."

கொளப்பாக்கம் வேலியோரம் யாரும் வந்ததில்லை. அப்பா, மகள், மேய்ந்துகொண்டிருந்த நாலு எருமை, அவ்வளவுதான். தாட்சாயிணிக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அப்பா இத்தனை சந்தோஷமாக நின்று அவர் பார்த்ததில்லை.

"இருக்கும்பா," என்றார்.

இதற்குமுன் செய்ததையெல்லாம் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இது பொய்.

அதன் பிறகு மாதம் ஒரு கட்டு முளைக்கீரை, பொங்கலுக்கு அவரைக்காய், எல்லாம் 'அந்தப் பெரியவருக்கு' என்று தாட்சாயிணி கையில் வந்தது. அவர் அதை அம்பத்தூருக்கு எடுத்துப்போய் யாரிடமாவது கொடுத்துவிடுவார். மறுவாரம் வரதன் கேட்பார்.

"இன்னா சொன்னாரு?"

"இளசா இருந்துச்சாம்பா."

"பூண்டு தட்டிப் போடச் சொன்னியா?"

"சொன்னேன்பா."

பகலில் இல்லாத மகனுக்காகப் பயணிகளுக்கு எழுதினார். வார இறுதியில் இல்லாத அப்பாவுக்காகத் தன் அப்பாவிடம் பேசினார்.

5

ஸ்ரீநாத்தைத் தூக்கிவிட்டார்கள். 'குடும்பத்துடன் கூடுதல் நேரம் செலவிட விரும்பி' என்று பிரிவுக் கடிதம் எழுதியதும் தாட்சாயிணிதான். அடுத்து பிரசன்னா வந்தார். சுறுசுறுப்பானவர், எந்தக் கூட்டத்திலும் உட்கார மாட்டார்.

வேலிக் கதை ஸ்ரீநாத்தோடு போய்விடும், அப்பா வீட்டுக்குத் திரும்பிவிடுவார் என்று தாட்சாயிணி நினைத்திருக்கிறார். மனிதவளத் தலைவர் ஞானசேகரன் கூப்பிட்டுப் பேசினார்.

"வேலிக் கதையைத் தொடர்ந்து போடுங்க தாட்சாயிணி. அது தனி ஆளோடது இல்ல, கம்பெனியோடது. கார், பார்க்கிங், அந்தக் கதை, மூணும் நாற்காலியோட வர்றது."

ஆக பிரசன்னாவும் சின்ன வயதில் வேலியோரம் நின்றார். அவருடைய அப்பாவும் துண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பதினோரு விமானங்களில் ஒரு பயணிகூடக் கண்டுபிடிக்கவில்லை. இந்த இதழை இரண்டு முறை படிக்கிற மனிதர் யார் இருக்கிறார்?

காட்டுப்பாக்கத்தில் ஒருவர் இருந்தார். பழைய இதழைப் பத்திரமாக வைத்திருந்தார். ஷர்மிளா கொண்டுவந்த புதியதையும் அதையும் தண்ணீர் கேன் மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது, ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாவா?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. வாக்கியத்தைத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறார் மனிதர். தாட்சாயிணி சொன்னார்:

"ஆமாப்பா. அண்ணன் தம்பி."

வரதன் தலையாட்டினார். "அதான பாத்தேன். அண்ணனுக்கு அப்பால தம்பி. நம்ம ஊட்லயும் அப்டித்தான." பிறகு கொஞ்சம் யோசித்து, "பெரியவன இன்னாத்துக்கு அனுப்சிட்டாங்க? அவங்கப்பாரு மனசு ஒடஞ்சி பூட்டிருக்குமே," என்றார்.

6

போன வாரம் பிரசன்னாவும் போனார். பதினான்கு மாதம். பவ்யா வருகிறார், நாரையின் முதல் பெண் தலைவர். ஞானசேகரன் உற்சாகமாக இருந்தார்.

"இந்தத் தடவ ரொம்ப ஈஸி. 'மகனே'ங்கறத 'மகளே'ன்னு மாத்திடுங்க. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அச்சுக்குப் போயிடலாம்."

தாட்சாயிணி மாற்றிப் பார்த்தார். ஒரே நிமிட வேலை. மாற்றியதும் அது அச்சு அசலாக அவருடையது ஆகிவிட்டது. அதே பெண், அதே அப்பா, அதே துண்டு. மேலே வேறு யாருடைய முகமோ.

"ரெண்டு ஆம்பளைங்க வச்சிருந்தப்போகூட அது இரவல் மாதிரிதான் இருந்துச்சு சார்," என்றார். "இவங்க தலைவர் நாற்காலிக்கு வரல. என் கூடைக்கு வராங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரதன் ஒரு கட்டுக் கீரையோடு வந்திருக்கிறார். தம்பிக்காரனும் போய்விட்ட செய்தி ஷர்மிளா மூலம் அவருக்கு எட்டியிருந்தது.

"ரெண்டு புள்ளையும் வேலய உட்டுட்டு நிக்கிதுங்க. பெத்தவரு இன்னா பாடு பட்டுகினு கீறாரோ. அடுத்த வாரம் என்னிய இட்டுனு போம்மா. நேர்ல பாத்து ரெண்டு வார்த்த ஆறுதலா பேசிட்டு வரேன்."

"சரிப்பா," என்று அவரை அனுப்பிவிட்டு, அதே கீரையோடு தாட்சாயிணி என் வீட்டுக்கு இறங்கினார்.

திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டாரே, அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இதுவரை சொல்லவில்லை. "எழுத்தில் போனது போனதுதான் மேடம்," என்றேன், குரலைத் தாழ்த்தி. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

7

முடிவு அ: பவ்யா கடிதத்தைப் படிக்கிறார். நிமிர்ந்து பார்த்து, "இது யாரோட கதை?" என்று கேட்கிறார். தாட்சாயிணியின் கண் நிறைகிறது. இருவரும் டீ குடிக்கிறார்கள்.

எழுதும்போது எனக்கே பல் கூசியது. பதினாறு வருடத்தில் அந்தக் கேள்வியை நாரையில் ஒருவரும் கேட்டதில்லை.

முடிவு ஆ: தாட்சாயிணி ராஜினாமாவை ஞானசேகரன் முகத்தில் வீசுகிறார். இதற்காக ஞானசேகரனுக்கு ஒரு மெல்லிய மீசையும் கோணல் சிரிப்பும் கொடுத்து வைத்திருந்தேன். தாட்சாயிணியிடம் போனில் கேட்டேன், ஆள் எப்படி என்று. "ரொம்ப நல்லவர் சார். என் பொண்ணு வர்ஷாவுக்கு டெங்கு வந்தப்போ நாலு நாள் என் வேலையையும் சேர்த்து அவர்தான் பார்த்தார்." மீசையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவருக்கு அது கம்பெனியின் கதை என்பதில் சந்தேகமே கிடையாது. கெட்டவன் இல்லாத கதையை முடிப்பது பெரிய தொல்லை.

(எதற்காகக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.)

முடிவு இ: வரதன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவரே அம்பத்தூருக்குப் போகிறார். வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்ட வேலித் துண்டு. அதன் முன்னால் போய் நின்று

இதை முடிக்கவில்லை. அவரை அங்கே நிறுத்திவைக்க எனக்கு மனசு வரவில்லை.

8

முடிவுகளை நான் உருட்டிக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமை, தாட்சாயிணி காட்டுப்பாக்கத்துக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நேற்று சாயங்காலம் வந்து என்னிடம் சொன்னார். அவர் சொன்னபடியே தருகிறேன்.

வரதன் வண்டியிலிருந்து கேன் இறக்கிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் ஒரு காலிக் கேனைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். கோபம் வரும், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று தாட்சாயிணி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். வரதன் கேட்டது வேறு.

"அப்போ அந்த ராலே சைக்கிள்காரரு?"

"அப்படி யாரும் இல்லப்பா."

"இல்லவே இல்லியா?"

"நாம ரெண்டு பேருதான்பா போவோம்."

"நான் பாத்தனேம்மா அவர," என்றார் வரதன். "நல்ல மனுசன்."

(இந்த இடத்தில் வரதன், "பரவால்லம்மா, அந்தப் பொம்பளயும் வெச்சிக்கட்டும், அதுங்கப்பா அத்த எங்கனாச்சும் இட்டுனு போனாரோ இல்லியோ" என்று பெருந்தன்மையாகச் சொல்வதாக எழுதி வைத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னால் எனக்கு வசதி. பவ்யாவை மன்னித்தால் என்னையும் மன்னித்த கணக்கில் வந்துவிடும்.)

எழுந்து அடுத்த கேனைத் தோளில் ஏற்றும்போது மட்டும் கேட்டிருக்கிறார்.

"நான் ஒண்ணு சொல்வேனே அங்க. அதயும் குடுத்துட்டியா?"

"இல்லப்பா. அத மட்டும் குடுக்கல."

"சரி," என்று கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

இதைச் சொல்லி முடித்த தாட்சாயிணி மேஜையின் மேல் திறந்து கிடந்த நோட்டைப் பார்த்தார். என்னைக் கேட்கவில்லை. எடுத்துப் படித்தார். நான் டீ போடுவதாகச் சமையலறைக்குள் போய் வெறும் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது மூன்றாவது பகுதியில் விரல் வைத்துக்கொண்டிருந்தார்.

"இதையும் எடுத்துட்டீங்களா சார்?"

ஞாயிற்றுக்கிழமை அவர் சிரித்துக்கொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் சொன்ன அந்த வாக்கியம், வரதன் வாரா வாரம் வேலியோரம் சொன்னது, அங்கே இருந்தது. இந்தக் கதையிலேயே நல்ல வாக்கியம் அதுதான். நான் எழுதிய எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை. விடாமல் வாதாடினேன். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன். யாருக்கும் அடையாளம் தெரியாது, படிக்கிறவர்கள் உருகிவிடுவார்கள் என்றேன்.

"அவங்களும் இதையேதான் சார் சொன்னாங்க," என்றார். சத்தம் போடவில்லை. "மத்ததெல்லாம் எழுதிக்குங்க. அது ஏற்கெனவே போனதுதான்."

ஸ்ரீநாத், பிரசன்னா, பவ்யா. வரிசையில் நாலாவது ஆள் நான். பேனாவை எடுத்து நானே அடித்தேன். அடித்தது தெரியாமலிருக்க அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் அடைப்புக்குறியை மட்டும் போட்டேன். எனக்கு அது மறக்கவில்லை. மறக்காதது என் கஷ்டம், உங்களுக்கு அதில் பங்கு கிடையாது.

9

இன்று வியாழக்கிழமை. கடிதத்தை எழுதிவிட்டாரா என்று கேட்க, காலையில் படிக்கட்டில் தாட்சாயிணியை நிறுத்தினேன். டிபன் பையோடு பஸ்ஸுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் டைம் இருக்கு சார்," என்றார்.

அந்தப் பதினோரு மணிக்கு என்ன நடக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. நாரை என்று ஒரு விமானமே இல்லாததால் நீங்கள் ஏறிப் பார்க்கவும் வழியில்லை. பவ்யாவின் புகைப்படத்துக்குக் கீழே பக்கம் காலியாக இருக்கிறது. என்ன வர வேண்டும் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. காலையில் அவர் டிபன் பையிலிருந்து ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்து என்னிடம் நீட்டினார். விடியற்காலையில் வரதன் கேன் வண்டியோடு வந்து இரண்டு கட்டு கொடுத்துவிட்டுப் போனாராம்.

"ஒண்ணு யாருக்குப்பான்னு கேட்டேன். 'ராலே சைக்கிள்காரருக்கு'ன்னாரு. அப்படி ஒருத்தர் இல்லன்னு அன்னிக்கே சொன்னேனேப்பான்னேன். 'தெரியும்மா, கை பாட்டுக்குக் கட்டிட்ச்சி'ன்னாரு."

இரண்டு படி இறங்கிவிட்டு நின்றார்.

"சாப்பிட்டு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க சார். ஞாயித்துக்கிழமை அப்பா கேப்பாரு."

பூண்டு தட்டிப் போட்டேன். இளசாகத்தான் இருந்தது.